விண்குப்பையை விண்ணிலிருந்தே கண்காணித்துப் பட்டியலிடுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயனிழந்த செயற்கைக்கோள்கள், எரிந்து முடிந்த ஏவுகலப் பாகங்கள், மோதலாலும் வெடிப்பாலும் சிதறிய துண்டுகள் ஆகிய அனைத்தும் விண்குப்பை என்றே கணக்கிடப்படுகின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டும் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. அவற்றுள் எண் பெற்று, பாதை அறியப்பட்டு, தொடர்ந்து கண்காணிக்கப்படுபவை சில பத்தாயிரங்களே. இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்று, செயற்கைக்கோளில் பொருத்திய உணரிகளைக் கொண்டு குப்பையைத் தேடுவது.

கடலூர், புதுச்சேரி, சிதம்பரம் வட்டாரக் கல்லூரிகளில் இயற்பியலோ கணினி அறிவியலோ படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சொந்தமாகச் செயற்கைக்கோள் எதுவும் தேவையில்லை. பொதுவில் கிடைக்கும் தரவும், ஒரு மடிக்கணினியும், பைத்தான் மொழியில் அடிப்படைப் பயிற்சியும் இருந்தால் தொடங்கிவிடலாம். தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு துண்டை ஒருமுறை கண்டுவிட்டால் அது பட்டியலில் சேர்ந்துவிடாது. அடுத்த வாரம், வேறொரு கேமராவைக் கொண்டு, இந்த நொடியில் இந்தத் திசையில் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி அதை மீண்டும் பிடிக்க முடிந்தால்தான் அது பட்டியலில் இருப்பதாகப் பொருள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டாம் சந்திப்புக்கான ஏற்பாடுகளே.

தரையிலிருந்து பார்ப்பதில் உள்ள குறை

வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்காக 1769-ஆம் ஆண்டு பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டில் புதுச்சேரியில் காத்திருந்தார். உரிய நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கரையில் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு அவருடைய மனநிலை நன்றாகவே புரியும். ஆனால் மேகத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. குப்பைத் துண்டுக்குச் சொந்த ஒளி கிடையாது என்பதால் அதன்மீது வெயில் பட வேண்டும்; அதே நேரத்தில் பார்ப்பவர் இருளில் இருக்க வேண்டும். 800 கி.மீ. உயரத்தில் தலைக்கு நேர் மேலே செல்லும் ஒரு பொருள், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 27 பாகை இறங்கும் வரை வெயிலில் இருக்கும். கடலூர் 12 பாகை வட அகலாங்குக்கு அருகில் இருப்பதால், இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக, மணிக்கு 14 முதல் 15 பாகை வரை இறங்குகிறது. எனவே சூரியன் மறைந்து இரண்டு மணி நேரத்துக்குள் அந்தப் பொருள் பூமியின் நிழலுக்குள் போய்விடும். அந்த இரண்டு மணியிலும் முதல் முக்கால் மணி நேரம் வானம் போதிய அளவு இருண்டிருக்காது. விடியலுக்கு முன்னும் இதே கணக்குத்தான்.

ரேடாருக்கு மேகமும் பகலும் தடையல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ நிறுவியுள்ள பல்பொருள் ரேடார் இந்த வேலையையும் செய்கிறது. ஆனால் திரும்பி வரும் எதிரொலியின் வலிமை தொலைவின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 36,000 கி.மீ. உயரத்திலுள்ள புவிநிலைப் பாதைக்கு மிகப் பெரிய ரேடார்கள் மட்டுமே எட்டும்.

செயற்கைக்கோளில் உள்ள கேமராவுக்கு மேகமில்லை, காற்றின் அலைவு இல்லை, நீல வானம் இல்லை. 1996-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் எம்.எஸ்.எக்ஸ். செயற்கைக்கோளில் இருந்த 15 செ.மீ. தொலைநோக்கிதான் இந்த முறை நடைமுறைக்கு உதவும் என்பதை நிறுவியது. 2010-இல் எஸ்.பி.எஸ்.எஸ்., 2017-இல் சென்சார்சாட் ஆகியவை தொடர்ந்தன. கனடாவின் சஃபையர், நியோசாட் என்ற இரண்டு செயற்கைக்கோள்களும் 2013 பிப்ரவரி 25 அன்று பி.எஸ்.எல்.வி.-சி20 ஏவுகலத்தில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 200 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே புறப்பட்டன. பெங்களூரு நிறுவனமான திகந்தரா 2025 ஜனவரியில் இதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை ஏவியது.

முதல் படி: இருக்கும் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அமெரிக்க ராணுவத்தின் பட்டியலை வெளியிடும் ஸ்பேஸ்-டிராக் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். செலஸ்டிராக் தளத்துக்குக் கணக்கே தேவையில்லை. இரண்டிலும் ஒவ்வொரு பொருளுக்கும் டி.எல்.இ. எனப்படும் இரண்டு வரித் தரவு கிடைக்கும். வரிக்கு 69 எழுத்திடங்கள். முதல் வரியில் பட்டியல் எண், ஏவப்பட்ட ஆண்டைக் காட்டும் பன்னாட்டுக் குறியீடு, தரவுக்கான நேரம், காற்றுத்தடையைக் குறிக்கும் எண் ஆகியவை இருக்கும். இரண்டாம் வரியில் பாதையின் சாய்கோணம், மையவிலகல் (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது), ஒரு நாளில் சுற்றும் எண்ணிக்கை முதலியவை இருக்கும். மையவிலகலுக்கு முன்னுள்ள தசமப் புள்ளி அச்சிடப்படுவதில்லை என்பதையும், ஆண்டு இரண்டு இலக்கத்தில் இருப்பதால் 57 முதல் 99 வரை சென்ற நூற்றாண்டு என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 14.5 சுற்று என்றால் உயரம் ஏறக்குறைய 725 கி.மீ. என்பதைக் கெப்ளரின் மூன்றாம் விதியைக் கொண்டு காகிதத்திலேயே கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்த எண்களை நேரடியாகக் கெப்ளர் சமன்பாட்டில் போடக்கூடாது. அவை எஸ்.ஜி.பி.4 என்ற கணிப்பு முறைக்கென்று சராசரியாக்கப்பட்ட எண்கள். அந்த முறையில் போட்டால் மட்டுமே சரியான இடம் கிடைக்கும். பைத்தானில் அதற்கான நிரல் ஆயத்தமாகவே கிடைக்கிறது. அப்படிச் செய்தாலும், தாழ் பாதையில் தரவு உருவான நேரத்திலேயே ஒரு கி.மீ. அளவுக்குப் பிழை இருக்கும். நாள் செல்லச் செல்லக் கூடும். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே சுமார் 789 கி.மீ. உயரத்தில் மோதிச் சிதறிய இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 என்ற செயற்கைக்கோள்கள் இரண்டுமே பட்டியலில் இருந்தவைதான்.

இரண்டாம் படி: ஒரு கற்பனை உணரியைக் கணினியில் பறக்கவிடுங்கள்

புதியவர்கள் அவசரப்பட்டுக் கடந்துவிடும் படி இது. என் கருத்தில் மிகுதியான நேரத்தைச் செலவிட வேண்டிய இடமும் இதுவே. 800 கி.மீ. உயரத்தில், பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின்மேலேயே செல்லும் சூரிய ஒத்திசைவுப் பாதையில் ஒரு கேமராவை வைத்து, அது சூரியனுக்கு எதிர்த்திசையில் பார்ப்பதாகக் கொள்ளுங்கள். பட்டியலிலுள்ள ஒவ்வொரு பொருளையும் எஸ்.ஜி.பி.4 மூலம் நகர்த்தி, நொடிக்கு நொடி சில கேள்விகளைக் கேட்க வேண்டும்: பொருளின்மீது வெயில் படுகிறதா, இடையில் பூமி மறைக்கிறதா, பூமியின் ஒளிரும் விளிம்புக்கோ நிலவுக்கோ மிக அருகில் இருக்கிறதா, கேமராவின் பார்வைப் பரப்புக்குள் வருகிறதா. இந்தச் சோதனைகள் முடிந்தபின் எஞ்சுபவை எத்தனை குறைவு என்பதைப் பார்க்கும்போதுதான், ஒரு கேமரா ஏன் போதாது என்பது விளங்கும்.

அடுத்தது பொலிவு. வானியலில் பொலிவெண் கூடக் கூட மங்கல் என்று பொருள். வெறுங்கண்ணுக்கு எல்லை 6. தன்மேல் விழும் ஒளியில் 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும், 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு கோளம், 1,000 கி.மீ. தொலைவில், சூரியன் நம் முதுகுக்குப் பின்னே இருக்கும்போது, ஏறக்குறைய 12.3 பொலிவெண்ணில் தெரியும். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் 13.5. இது சிறிய தொலைநோக்கிக்கும் எட்டும் பொலிவுதான். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. பார்வைக்குக் குறுக்கே நொடிக்கு 7 கி.மீ. வேகத்தில் அது சென்றால், 1,000 கி.மீ. தொலைவில் நொடிக்குச் சுமார் 1,440 வில்விநாடி நகரும். ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. ஒரு பிக்சல் 10 வில்விநாடியைப் பார்க்கிறது என்றால், அந்தத் துண்டின் ஒளி ஒரு பிக்சலில் தங்கும் நேரம் ஏழு மில்லிநொடி மட்டுமே. கேமராவை ஒரு நொடி திறந்து வைத்தாலும் பத்து நொடி திறந்து வைத்தாலும் அந்தப் பிக்சலுக்குக் கிடைக்கும் ஒளி அவ்வளவுதான். கூடுதல் நேரத்தில் பின்னணி இரைச்சல்தான் சேரும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது. கேமரா விண்ணில் இருப்பதால் துண்டை நெருங்கிப் பார்க்கலாம், ஆகவே சின்னஞ்சிறு துண்டுகளும் தெரியும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். 1 செ.மீ. துண்டு 100 கி.மீ. தொலைவில் வந்தால், 1,000 கி.மீ. தொலைவிலுள்ள 10 செ.மீ. துண்டின் அதே பொலிவெண்ணைப் பெறும் என்பது உண்மை. ஆனால் அதே வேகத்தில் அது வானில் பத்து மடங்கு விரைவாக நகரும்; பிக்சலில் தங்கும் நேரம் பத்தில் ஒன்றாகிவிடும். பிக்சலுக்கு அதே அளவு ஒளி வேண்டுமென்றால் 10 கி.மீ. தொலைவுக்கு வர வேண்டும். அவ்வளவு நெருக்கம் அரிது. வாய்த்தாலும் துண்டு நொடிக்கு 40 பாகை வேகத்தில் பாய்ந்துவிடும். நெருங்குவதால் கிடைக்கும் நன்மை, தொலைவின் வர்க்கத்தால் அன்றி, தொலைவால் மட்டுமே கூடுகிறது. விளம்பரத் தாள்களில் காணும் அளவுகளை இந்தக் கணக்கைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

புவிநிலைப் பாதையில் நிலைமை நேர்மாறானது. தாழ் பாதையிலிருந்து பார்க்கும்போது, கேமராவின் சொந்த வேகத்தால் அங்குள்ள பொருள் நொடிக்கு 40 வில்விநாடி அளவிலேயே நகர்கிறது. எனவே ஒரு மீட்டர் அளவுள்ள பொருள் 15 பொலிவெண்ணில் மங்கித் தெரிந்தாலும் ஒளியைச் சேர்த்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. எம்.எஸ்.எக்ஸ். தொடங்கி சென்சார்சாட் வரை பலவும் உயரப் பாதைகளையே குறிவைத்ததற்கு இது ஒரு காரணம்.

மூன்றாம் படி: உண்மையான படங்களில் கீற்றைத் தேடுங்கள்

நியோசாட் எடுத்த படங்களைக் கனடா விண்வெளி முகமை பொதுவில் வைத்திருக்கிறது. அவை ஃபிட்ஸ் என்ற வடிவில் இருக்கும். பைத்தானின் ஆஸ்ட்ரோபை தொகுப்பால் திறக்கலாம். ஹபிள் தொலைநோக்கியும் தான் விரும்பாமலேயே இந்த வேலையைச் செய்து வருகிறது: 2002 முதல் 2021 வரை அது எடுத்த படங்களில் 2.7 விழுக்காட்டில் செயற்கைக்கோள்களின் தடம் விழுந்திருப்பதை ஓர் ஆய்வு காட்டியது.

முதலில் இருட்படத்தை (உணரிமேல் ஒளி படாமல் எடுத்த படம்) கழித்து, பழுதான பிக்சல்களை நீக்கி, சிதறிய ஒளியாலான பின்னணியைச் சமன்செய்யுங்கள். கேமரா விண்மீன்களைப் பின்தொடர்ந்திருந்தால் விண்மீன்கள் புள்ளியாகவும் குப்பை கீற்றாகவும் இருக்கும். பொருளைப் பின்தொடர்ந்திருந்தால் இது தலைகீழாகும். மின்னேற்றத் துகள்கள் உணரியைத் தாக்கும்போதும் கீற்றுகள் தோன்றும். தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே செல்லும்போது அவை குவியும். துகள் கீற்று கூர்மையாக, ஒரே படத்தில் மட்டும் இருக்கும். உண்மைப் பொருளின் கீற்று விண்மீனைப் போலவே சற்றுப் பரவியிருக்கும். அடுத்தடுத்த படங்களில் ஒரே நேர்கோட்டில் தொடரும். ஒரே படத்தில் கண்டதை மட்டும் வைத்து எதையும் பதிவு செய்யாதீர்கள்.

பிறகு படத்திலுள்ள விண்மீன்களைக் கையா என்ற விண்மீன் பட்டியலுடன் பொருத்தி, ஒவ்வொரு பிக்சலும் வானில் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று கண்டறிய வேண்டும். ஆஸ்ட்ரோமெட்ரி நெட் என்ற இலவச மென்பொருள் இதைத் தானாகவே செய்கிறது. கீற்றின் இரு முனைகளுக்கும் வல ஏற்றமும் நடுவரை விலக்கமும் (வானில் ஒரு திசையைக் குறிக்கும் இரு கோணங்கள்) கிடைத்தால் இந்தப் படி முடிந்தது.

நான்காம் படி: நேரத்தையும் ஒளியையும் திருத்துங்கள்

ஒரு மில்லிநொடிப் பிழைக்கு ஏழு மீட்டர் விலை. கேமராவின் உணரி வரிசை வரிசையாகப் படிக்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்து, மேலிருந்து கீழே படித்து முடிக்க 30 மில்லிநொடி ஆகிறது என்றால், எந்த வரிசையில் கீற்று விழுந்தது என்பதைக் கவனிக்காதவருக்கு 200 மீட்டர் வரை பிழை வரும். ஒளி வந்து சேரும் நேரத்தையும் கழிக்க வேண்டும்: 1,000 கி.மீ.க்கு மூன்று மில்லிநொடிக்குச் சற்று மேல், புவிநிலைப் பாதைக்கு 0.12 நொடி.

தரைத் தொலைநோக்கியில் பழகியவர்கள் தவறவிடுவது ஒளிப்பிறழ்ச்சியை. நொடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் செல்லும் கேமராவுக்கு விண்மீன்களின் திசை 5 வில்விநாடி வரை விலகித் தெரியும்; பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் 20 வில்விநாடி இதில் சேராது. 5 வில்விநாடி என்பது 36,000 கி.மீ. தொலைவில் கிட்டத்தட்ட 900 மீட்டர். கேமரா அந்த நொடியில் எங்கே இருந்தது என்பதும் அதே துல்லியத்துடன் தெரிந்திருக்க வேண்டும். அதற்குச் செயற்கைக்கோளின் ஜி.பி.எஸ். பதிவைப் பயன்படுத்துங்கள், அதன் டி.எல்.இ.யை அல்ல.

ஐந்தாம் படி: ஏற்கெனவே தெரிந்ததா என்று பாருங்கள்

படம் எடுத்த நேரத்துக்குப் பட்டியல் முழுவதையும் நகர்த்தி, கீற்றுக்கு அருகில் யார் இருக்க வேண்டும் என்று தேடுங்கள். டி.எல்.இ.யில் ஒரு கி.மீ. பிழை என்பது 1,000 கி.மீ. தொலைவில் 200 வில்விநாடி, அதாவது 20 பிக்சல். ஆகவே இடம் மட்டும் பொருந்தினால் போதாது. நகரும் திசையும் வேகமும் பொருந்த வேண்டும். பாதையின் நெடுகிலுள்ள விலகல் பக்கவாட்டு விலகலைவிடப் பெரிதாக இருப்பது இயல்பு. பக்கவாட்டிலேயே பெரிய விலகல் இருந்தால் பெரும்பாலும் அது வேறு பொருள்.

பொருந்தியவற்றைக் கொண்டு அந்தப் பொருளின் பாதையைப் புதுப்பிக்கலாம். எதனுடனும் பொருந்தாதவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

ஆறாம் படி: புதிய பாதையைக் கணித்தல்

ஒரு பாதையை முழுமையாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். ஒரு சிறு கீற்று தருவது நான்கு: இரண்டு கோணங்கள், அவை மாறும் வேகங்கள் இரண்டு. தொலைவும், அது மாறும் வேகமும் கிடைப்பதில்லை. இரவில் கடலூர்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட விசைப்படகிலிருந்து தொலைவில் ஒரு விளக்கைக் காண்பவருக்குத் திசை தெரியும். அது அருகிலுள்ள சிறு படகா, தொலைவிலுள்ள கப்பலா என்று உடனே சொல்ல முடியாது. தம் படகு நகர நகர விளக்கு எப்படி இடம் மாறுகிறது என்பதைக் கொண்டுதான் தொலைவைக் கணிப்பார். கேமராவின் பாதை வளைந்து செல்வதால் இங்கும் அது நடக்கும். ஆனால் அதற்குச் சில நிமிடங்களாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். கேமராவும் பொருளும் ஏறக்குறைய ஒரே பாதையில் சென்றால் அதுவும் கைகொடுக்காது; நெடுநேரம் பார்த்தாலும் தொலைவு நழுவிக்கொண்டே இருக்கும்.

போதிய இடைவெளியில் மூன்று திசைகள் கிடைத்திருந்தால் ஜெர்மன் கணித மேதை காஸ் வகுத்த முறையைப் பயன்படுத்தலாம். 1801-இல் தொலைந்துபோன சீரிஸ் என்ற குறுங்கோளை மீண்டும் கண்டுபிடிக்க உதவியது அவருடைய கணிப்புத்தான். ஒரு கீற்று மட்டுமே இருந்தால், பொருள் பூமியைச் சுற்றுகிறது, காற்று மண்டலத்துக்குள் விழாத உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு நிபந்தனைகளைக் கொண்டு தொலைவுக்கு ஓர் எல்லை வகுக்கலாம். அந்த எல்லைக்குள் நூற்றுக்கணக்கான பாதைகளை வைத்துப் பார்த்து, வேறொரு நாளில் கிடைத்த பொருந்தாத கீற்றுடன் எது சேருகிறது என்று தேட வேண்டும். நூறு கீற்றுகள் இருந்தால் 4,950 இணைகள்; ஆயிரம் இருந்தால் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தற்செயலாகச் சேரும் பொய் இணைகள் இங்கேதான் புகுகின்றன. மூன்றாவது கீற்று ஒன்று அதே பாதையை உறுதிசெய்யும் வரை நம்பாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு கேமராக்கள் பார்த்தால், இரண்டும் காட்டும் திசைகளின் வேறுபாட்டைக் கொண்டு, இடமாறு தோற்ற முறையில் தொலைவு நேரடியாகவே கிடைத்துவிடும். கூட்டமாகக் கேமராக்களை ஏவ நிறுவனங்கள் முனைவதற்கு இது முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் பாதை கிடைத்ததும் எல்லா அளவீடுகளையும் சேர்த்து மீச்சிறு வர்க்க முறையில் செம்மைப்படுத்துங்கள். கிடைக்கும் ஆறு எண்களுடன் அவற்றின் பிழை மதிப்பீட்டையும் சேமிக்க வேண்டும். பிழை மதிப்பீடு இல்லாத பாதையைக் கொண்டு மோதல் வாய்ப்பைக் கணிக்க முடியாது. அடுத்த கேமராவை எவ்வளவு அகலமாகத் தேடச் சொல்வது என்பதும் தெரியாது.

ஏழாம் படி: பதிவேடு

உங்கள் சொந்தப் பதிவேட்டில் தற்காலிக எண், கடைசியாகக் கண்ட நேரம், பாதை, பிழை, பொலிவு மாறும் விதம் ஆகியவை இருந்தால் போதும். அமெரிக்கப் பட்டியலிலும் மூலம் தெரியாத பொருள்களுக்கு 80,000 வரிசையில் தற்காலிக எண்ணே தரப்படுகிறது. எந்த ஏவுதலிலிருந்து வந்தது என்பது தெளிவான பிறகே நிலையான எண் கிடைக்கும். மெல்லிய தகடு போன்ற துண்டுகளைச் சூரிய ஒளியின் அழுத்தமே பாதையிலிருந்து தள்ளிவிடும் என்பதால் அவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும்.

மூலத்தைக் கண்டறியும் பயிற்சிக்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி.-சி3, ஐரோப்பாவின் புரோபா செயற்கைக்கோளையும் ஏற்றிச் சென்றது. அதில் டெபி என்ற கருவி இருந்தது. தன்மேல் மோதும் நுண்துகள்களை எண்ணுவதே அதன் வேலை. இத்தகைய கருவிகள் மொத்த எண்ணிக்கையைச் சொல்லும், எந்தத் துண்டையும் பட்டியலில் சேர்க்க உதவா. குப்பையை அளக்கும் கருவியைச் சுமந்து சென்ற அதே ஏவுகலத்தின் நான்காம் அடுக்கு டிசம்பர் 19 அன்று சிதறி, முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாயிற்று.

ஸ்பேஸ்-டிராக்கில் 2001-049 என்று தொடங்கும் பன்னாட்டுக் குறியீடுகளைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றுக்காலத்தைக் கிடை அச்சிலும், பாதையின் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த உயரங்களைச் செங்குத்து அச்சிலும் குறித்தால், பெருக்கல் குறி போன்ற வடிவம் தோன்றும். இரு கோடுகளும் வெட்டும் இடம் சிதறல் நடந்த உயரம். காபர்ட் வரைபடம் என்று இதற்குப் பெயர். வேகம் இழந்து தாழ்ந்த துண்டுகள் காற்றுத்தடையால் முதலில் எரிந்துபோவதால், இன்று சுற்றிக்கொண்டிருப்பவற்றை மட்டும் எடுத்தால் இடப்பக்கக் கை பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். ஆகவே தேடும்போது எரிந்து மறைந்தவற்றையும் சேர்த்துக்கொண்டு, சிதறலுக்கு அடுத்த சில மாதங்களின் பழைய தரவையே பயன்படுத்துங்கள்.